அம்மன் காசும் செயலிச் சின்னமும்

சிறிய பரப்பில் ஒரு பொருளைக் குறிப்பாற் புலப்படுத்தும் கலை தமிழகத்திற்குப் புதியதன்று. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர் வழங்கிய அம்மன் காசு அதற்கு நல்ல சான்று. அணா ஒன்றிற்கு 20 காசு என மதிப்புடைய அச்செப்புக்காசு கட்டைவிரல் நகத்தினும் சிறிது. ஒருபுறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் சொல். வேறொன்றும் இல்லை. அணியும் ஆடையும் விரிவாகக் காட்டப்படவில்லை. ஆயினும் 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நாடு இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை, எழுத்தறியாதாரும் அதனைக் கண்டவுடன் இன்னதென உணர்ந்தனர்.

கைப்பேசித் திரையில் விரல்நுனி அளவினதாய் நிற்கும் செயலிச் சின்னமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. 1984இல் வெளிவந்த மாக்கிண்டாசு கணினிக்குச் சூசன் கேர் அம்மையார் வரைந்த சின்னங்கள், பக்கத்திற்கு 32 கட்டமாக 1,024 கட்டங்களில் அமைந்தவை; கருமையும் வெண்மையும் அன்றி வேறு நிறம் அறியாதவை. இன்று ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடைக்குக் கேட்கும் சின்னமோ பக்கம் ஒன்றிற்கே 1,024 புள்ளிகள் கொண்டது. பரப்பு ஆயிரம் மடங்கு பெருகியது; காண்பார் கண்ணுக்கு எட்டும் அளவு பெருகவில்லை.

இச்சின்னங்களை வரையும் பணி இப்பொழுது செயற்கை நுண்ணறிவுப் படப்பொறிகளிடமும் சென்றுள்ளது. 2022இல் வெளிவந்த 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' போன்றவை, தாறுமாறான புள்ளிக்கூட்டத்தினின்று தொடங்கிப் படிப்படியாகத் தெளிவித்து உருவம் தருவன. பொதுப்பயிற்சி பெற்ற பொறிக்கு ஒரு துறைக்குரிய படங்களைக் காட்டித் திருத்துதலை நுண்பயிற்சி எனலாம். கூகுள் ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட 'ட்ரீம்பூத்' முறைக்கு மூன்று முதல் ஐந்து படங்களே போதும் என்பர். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் 2021இல் மொழிப்பொறிகளுக்கென வகுத்துப் பின்னர்ப் படப்பொறிகளுக்கும் வந்த 'லோரா' முறையோ, முன்னைய எண்களைத் தொடாது, சிறியதோர் எண்தொகுதியை மட்டும் உடன்சேர்த்துப் பயிற்றுவது. மூலத்தை மாற்றாது உரை எழுதுதலோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தும்.

இங்ஙனம் பயின்ற பொறிகள் தரும் சின்னங்கள் முதற்பார்வையில் குறையற்றனவாகவே தோன்றும். மழுங்கிய மூலை, மெல்ல மாறும் வண்ணம், பளபளப்பு, கீழே ஒரு நிழல் என யாவும் உள. இங்கேயே ஐயம் எழுகின்றது. ஆப்பிள் கேட்பது மூலை மழுங்காத சதுரப் படத்தையே. மூலையை மழுக்குவது கைப்பேசியின் வேலை. ஆனால் பயிற்சிக்குத் தந்த படங்கள் பல, மழுங்கிய மூலையோடும் நிழலோடும் காட்சிக்கு வைக்கப்பட்டவை. ஆதலின் பொறி அச்சட்டத்தையே சின்னத்தின் இலக்கணமாகக் கொண்டு, சட்டத்துள் சட்டம் வரைகின்றது. உறையை நூலென மயங்குதல் இதுவே.

உவமை பிறக்கும் நிலைகளாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். மெய் வடிவம் என்றும், உரு நிறம் என்றும் உரையாசிரியர் விளக்குவர். செயலிச் சின்னமும் உவமையின் இயல்பினதே. அஞ்சற் செயலிக்கு உறை வரைவது வினையும் பயனும் பற்றி. இலைச்செயலிக்குப் பச்சை தீட்டுவது உரு பற்றி. நுண்பயிற்சி பெற்ற பொறி மெய்யிலும் உருவிலும் வல்லது. வினையும் பயனும் படத்தில் தாமே தோன்றுவன அல்ல. எவரேனும் சொல்லித் தரவேண்டும். சொல்லாதவிடத்துப் பொறி தருவது சின்னத்தைப் போன்றதொரு படமே. சின்னம் அன்று என்பது நம் கருத்து.

பொறி பல படங்களைத் தரும், வல்லார் ஒன்றைத் தேர்வர், அதனால் குறையில்லை என்பாரும் உளர். அதனை ஓரளவு உடன்படலாம். எனினும் தேர்வு பெரிய திரையில் நிகழ்வதாயின் பயனில்லை. பெரிதாய்க் காணின் அழகியது, சிறிதாய்க் காணின் கலங்கிவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்திற்கு ஒரு செயலி செய்வார், சித்தன்னவாசலின் விதான ஓவியத்தை நுண்பயிற்சிக்கு எடுப்பதாகக் கொள்வோம். ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அத்தாமரைப் பொய்கை தமிழக ஓவியத்தின் செல்வம். மீனும் யானையும் எருமையும் அன்னமும் மலர் கொய்யும் ஆடவரும் இலைகளிடையே நிறைந்துள்ளனர். அதன் சிறப்பு நிறைவில் உள்ளது. அண்ணாந்து, நின்று, நெடிது காண்பதற்கு அமைந்தது. இதனைப் பயின்ற பொறி இலைமேல் இலையாகப் பச்சைப் பரப்பினையே மிகுதியும் தரும் என எதிர்பார்க்கலாம். விரல்நுனி அளவில் அது வெறும் பாசி. அம்மன் காசின் சிறப்போ விடுத்தலில் உள்ளது. ஆதலின் அம்மாவட்டத்திற் சின்னக்கலையின் ஆசான் விதானம் அன்று, காசே. காசின் நிழற்படங்களை அப்படியே ஊட்டினும் பொறி தேய்மானத்தையும் களிம்பையும் சேர்த்தே கற்கும். கோட்டுருவாக வரைந்து தருதல் வேண்டும்.

படத்தோடு எழுதும் விளக்கவுரையே இதில் தலையாயது. உரையில் பெயரிட்டுச் சொன்ன கூற்றினைப் பொறி தனியே பிரித்தறியும். சொல்லாதது தொகுதியின் பொதுப்பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'மழுங்கிய மூலை', 'நிழல்' என்று எழுதிவைப்பின் வேண்டாதபோது விலக்க இயலும். எழுதாவிடின் அவை எல்லாச் சின்னத்திலும் வந்து நிற்கும். இஃது உரையாசிரியர் பணியேயன்றித் தச்சுவேலை அன்று. இவ்வுரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தன. 'லயான்' என்னும் பெருந்தொகுதியின் 585 கோடிப் படவுரை இணைகளுள் 232 கோடி ஆங்கிலத்துக்குரியவை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதற்பதிப்பு முதன்மையாக அப்பகுதியிலேயே பயின்றது. தாமரை, ஆம்பல், குவளை, நெய்தல் எனத் தமிழ் வேறுபடுத்தும் நீர்ப்பூக்களுள் பலவற்றை ஆங்கில வழக்கு ஒரே பெயரால் அழைத்துவிடும். பொய்கையின் பூவைத் தாமரை என்று எழுதி, அதனைக் கொய்யும் கையின் வினையையும் உடன் எழுதுவார் தமிழ் கற்றவராக இருத்தல் வேண்டும். நம் துறைகளில் முதுகலை பயில்வார்க்கு அப்பணி இன்றே காத்திருக்கின்றது.