சேரியிலிருந்து ஒரு கேள்வி
('உன்னைப் போல் ஒருவன்' – ஒரு திறனாய்வு)

ஏழைகளைப் பற்றி எழுதியோர் பலர். ஏழைகளோடு அமர்ந்து எழுதியோர் சிலரே. ஜெயகாந்தன் அச்சிலருள் ஒருவர். அவரது 'உன்னைப் போல் ஒருவன்' புதினம், அவராலேயே இயக்கப்பெற்று 1965இல் திரைக்கு வந்து, தேசிய விருதும் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டை வெளியிட்டு, ஏழையரின் துயரைத் தன் துயராக ஏற்றது. பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்த ஓர் எழுத்தாளரும் திருச்சங்கத் தந்தையரும் ஒரே காலத்தில் ஒரே திசையில் நோக்கினர் என்பது சிந்தனைக்குரியது.

கதை எளியது. சென்னைச் சேரியில் உழைத்துப் பிழைக்கும் தங்கம். அவள் மகன் சிட்டி. கிளிச்சோதிடன் மாணிக்கம் தாயின் வாழ்வில் நுழைவதைச் சிறுவன் வெறுக்கிறான். மாணிக்கம் விலகிப் போகிறான். தாய் ஒரு குழந்தையைப் பெற்று, அதைச் சிட்டியின் கையில் விட்டு மறைகிறாள்.

தங்கத்தை நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுவோம். ஆசிரியர் தீர்ப்பிடுவதில்லை, இதுவே நூலின் மாண்பு. இதில் கொடியவர் எவருமில்லை. சிறுவனின் சினம் நியாயமானது. தாயின் தனிமையும் நியாயமானது. இரண்டையும் ஒரு குடிசைக்குள் நெருக்கி வைத்தது வறுமை. தாயை மன்னிக்கத் தெரியாத சிறுவன், இறுதியில் அவள் குழந்தைக்குத் தாயாகிறான். சிலுவையடியில் ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கப்பட்ட காட்சி நம் நினைவுக்கு வராமல் போகாது.

எனினும் ஒரு குறை உண்டு. இம்மக்கள் ஏன் சேரிக்கு வந்தனர் என்ற வினாவை நூல் அழுத்திக் கேட்கவில்லை. விடையைப் புதுக்கோட்டைச் சீமையில் காணலாம். வானம் பார்த்த இம்மண்ணில் கண்மாய் வறண்டால் உழவர் குடும்பம் நகரை நாடும்; பெண் சித்தாள் ஆவாள். மழை பெய்தாலோ சித்தாளுக்கு அன்று கூலியில்லை! கிராமத்தில் மழையின்மையும் நகரில் மழையும் அவளைப் பட்டினியிடுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் இம்மாவட்டத்தின் தென்னைகளையும் கூரைகளையும் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் அமைந்தது. ஆயினும் பதிவு செய்யாதோருக்கு அதன் கதவு திறவாது. புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சியாயிற்று. நகரின் மாடிகளுக்குக் கல் சுமந்தவளுக்கு அந்நகரில் ஒரு சொந்தக் கூரை உண்டா?

தலைப்பிலுள்ள 'உன்னைப் போல்' என்னும் சொல், பிறரன்புக் கட்டளையில் நாம் கேட்டுப் பழகிய சொல். பழகியதாலேயே அது நம்மைச் சுடுவதில்லை. நம் அன்பியக் கூட்டங்கள் எத்தெரு வரை செல்கின்றன? தங்கம் போன்றவள் கோயில் வாயிலில் நின்றால், முதலில் அவளது திருமணப் பதிவைக் கேட்போமா, அவள் உண்டாளா என்று கேட்போமா? நூலை மூடிய பின்னும் இக்கேள்வி மூடுவதில்லை.