சட்டையில் தைத்த துக்கம்

நவம்பர் பிறந்தால் இங்கிலாந்துக் கால்பந்தில் பழைய வாதம் ஒன்று திரும்பவும் கிளம்பிவிடும். இந்த நாட்டில் ஆடி, இந்த நாட்டில் சம்பளம் வாங்கும் அயல்நாட்டு வீரர், போரில் மடிந்தவர்களுக்காக ஒரு சிவப்பு பாப்பிப் பூவை அணிந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியின் அடிப்படையே தவறு.

பாப்பியின் மதிப்பை நான் மறுக்கவில்லை. 1921 முதல் அதன் மூலம் திரளும் நிதி படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவிவருகிறது. பெரும்பாலான அயல்நாட்டு வீரர்கள் அதைத் தயக்கமின்றியே அணிகிறார்கள். அவர்களிடம் எனக்குக் குறையில்லை.

என் குறையெல்லாம் அந்தப் பூவை ஆட்டச் சட்டையிலேயே பதித்துக் கொடுக்கும் வழக்கத்தின் மீதுதான். தெருவில் காசு போட்டு வாங்கிக் குத்திக்கொள்ளும்போது, அணிவது ஒருவர் தானாகச் செய்யும் காரியம். சட்டையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் அணியாமல் இருப்பதுதான் காரியமாகிவிடுகிறது. அணிந்தவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அணியாதவரோ ஊரறியக் காரணம் சொல்லியாக வேண்டும்.

ஜேம்ஸ் மெக்ளீனுக்கு அதுதான் நேர்ந்தது. அவர் வட அயர்லாந்தில் டெரி நகரின் கிரெகன் பகுதியில் வளர்ந்தவர். அயர்லாந்துக் குடியரசுக்காக ஆடியவர். 1972 ஜனவரி 30 அன்று அந்நகரில் உரிமைப் பேரணி சென்ற நிராயுதபாணிகளைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தார்கள். அது நியாயப்படுத்த முடியாத கொலை என்று பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ள 2010 வரை ஆனது. பாப்பி இரண்டு உலகப் போர்களுக்கு மட்டும் உரியதென்றால் தினமும் அணிவேன் என்று 2014இல் தன் கிளப் தலைவருக்கு மெக்ளீன் கடிதம் எழுதினார். ஆனால் அது பிற்காலப் போர்களில் இறந்த பிரிட்டிஷ் படையினரையும் சேர்த்தே நினைவுகூர்கிறது. இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஆண்டுதோறும் அவருக்குக் கிடைத்தவை வசைகளும் கொலை மிரட்டல்களும்.

2018இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் நெமான்யா மாட்டிச்சும் பாப்பி அணியவில்லை. 1999இல் நேட்டோ விமானங்கள் செர்பியா மீது குண்டு வீசியபோது அவர் விரெலோ கிராமத்தில் அஞ்சி நடுங்கிய சிறுவன். அந்தத் தாக்குதலில் பிரிட்டனுக்கும் பங்குண்டு. பிறர் அணிவதன் காரணம் தனக்குப் புரிகிறது, யாரையும் புண்படுத்த விரும்பவில்லை என்றுதான் அவர் சொன்னார். சிறுவயதுப் பயத்தை உலகத்தின் முன் விரித்துக் காட்டித்தான் ஒருவர் தன் மனச்சாட்சிக்கு அனுமதி வாங்க வேண்டுமா?

வந்த இடத்தின் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்பார்கள். மதிக்கட்டும், ஆட்டத்துக்கு முன் மௌனமாக நிற்கட்டும். ஆனால் தன் ஊர்மீது சுட்ட படையை, தன் ஊர்மீது குண்டு போட்ட படையை நெஞ்சில் சுமக்கச் சொல்வது மரியாதை ஆகாது, பணியவைத்தல். துக்க வீட்டு வாசலில் நின்று யார் அழுதார், யார் அழவில்லை என்று கணக்கெடுப்பவருக்கு இறந்தவர்மீது என்ன அக்கறை இருக்க முடியும்?

பாப்பி அணிவது தனிமனித விருப்பம், கட்டாயமானால் அது பொருளிழந்துவிடும் என்று அதை வழங்கும் ராயல் பிரிட்டிஷ் லீஜன் அமைப்பே சொல்லியிருக்கிறது. கிளப்புகள் அதைக் கேட்டு நடந்தால் போதும். சட்டையிலிருந்து பூவை எடுத்துவிட்டு, உடைமாற்றும் அறையில் ஒரு பெட்டியில் வைக்கட்டும். வேண்டியவர் எடுத்துக் குத்திக்கொள்வார். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். மீதமிருக்கும் பூக்களாவது உண்மையான அஞ்சலியாக இருக்கும்.