அடையா வாயில்: இலண்டனின் கட்டணமில்லாக் காட்சிகளும் நம் வழிகாட்டிகளும்

ஆற்றுப்படை என்பது தமிழர் கண்ட தனிப்பெரும் இலக்கிய வகை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்லி, வள்ளல் ஒருவனிடம் செலுத்துவது அதன் அமைப்பு. தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் கூறினார். பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே.

இன்று பயண நூல் எழுதுவோரும் ஒருவகையில் ஆற்றுப்படுத்துவோரே. அவர்களுள்ளும், "இலண்டனில் காசு செலவின்றிக் காணத்தக்கவை" என்பது போன்ற தலைப்பிட்டு எழுதுவோர் பழைய ஆற்றுப்படைக்கு மிக நெருங்கியவர்கள். அடையாத வாயில் எங்கே இருக்கிறது என்று சொல்வதன்றோ அவர்கள் தொழில்? அவ்வகை எழுத்தை ஆற்றுப்படை என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய புலவன் மூன்று செய்திகளைச் சொல்லாமல் விடமாட்டான். வழி எத்தகையது என்பது ஒன்று. கொடுப்பவன் யார், அவன் குடி எத்தகையது என்பது மற்றொன்று. செல்பவன் எவ்வாறு சென்று, எவ்வாறு நிற்கவேண்டும் என்பது மூன்றாவது. மலைபடுகடாத்தைப் பயின்றவர்கள், நன்னனை அடையும் வழியின் இடர்களை அப்புலவர் எத்துணைப் பொறுமையோடு எடுத்துரைக்கிறார் என்பதை அறிவர். நம் காலத்து வழிகாட்டியோ, "கட்டணம் இல்லை" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறான். குறை அங்கேதான் தொடங்குகிறது.

விலையை அளவுகோலாகக் கொண்டால்

இத்தகைய பட்டியல்களில் பக்கிங்காம் அரண்மனைக் காவலர் மாறும் காட்சியும், பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையும், பூங்காக்களும், தெருச்சந்தையும் ஒரே வரிசையில் நிற்கும். இவற்றுக்குள் பொதுத்தன்மை யாது? காசு கேட்பதில்லை என்பது ஒன்றே. பொருளின் பெருமையை விட்டு விலையின் சிறுமையைக் கொண்டு வகுத்தால் இப்படித்தான் முடியும்.

உண்மையில் இவை ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. காவலர் மாறும் காட்சி தெருவில் நிற்பவன் எவனும் காண்பது. அங்கே வாயிலே இல்லை. பொருட்காட்சிசாலைகள் நாட்டின் உடைமைகள். அங்கே வாயில் உண்டு, கட்டணம் இல்லை. மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதனைப் பலரும் கவனிப்பதில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. மாலை வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டணம் இல்லை. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் கிறிஸ்டபர் ரென் எழுப்பிய தூய பவுல் பேராலயத்திலும் இதே முறைதான். பாராளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டார் பணம் கட்டவேண்டும். ஆனால் அவை கூடியிருக்கும்போது மேன்மாடத்தில் அமர்ந்து விவாதத்தைக் கேட்க ஒரு காசும் வேண்டாம். இதன் கருத்து என்ன? வேடிக்கை பார்க்க வருபவன் கொடுக்கிறான். அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காக வருபவன் கொடுப்பதில்லை. வழிபாட்டுக்கு வந்தவன் அங்கும் இங்கும் உலாவிக் கல்லறைகளைப் படிக்க முடியாது. இருக்கையில் அமர்ந்து இசையைக் கேட்கலாம். "மாலையில் போனால் பணம் மிச்சம்" என்று எழுதும் வழிகாட்டி, கோயிலுக்குள் குறுக்குவழி காட்டுகிறானேயன்றிக் கோயிலைக் காட்டவில்லை.

கொடுத்தவர் யார்?

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். இந்த வாயில்கள் தாமாகத் திறந்தன அல்ல. சர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் திரட்டிய எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை அடிப்படையாகக் கொண்டு, 1753இல் பாராளுமன்றச் சட்டத்தால் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலை நிறுவப்பட்டது. 1759 சனவரி 15இல் அது திறக்கப்பட்டபோதே கட்டணம் இல்லை. கற்க விரும்புவோர், அறிய விரும்புவோர் யாவர்க்கும், உள்நாட்டாராயினும் வெளிநாட்டாராயினும், உரியது என்பது அன்றைய கொள்கை.

கொள்கை அது; நடைமுறை வேறு. காண விரும்புவோர் தம் பெயரையும் நிலையையும் முகவரியையும் எழுதிக் கொடுத்து, நூலகர் ஒப்பிய பின் மீண்டும் வந்து சீட்டுப் பெறவேண்டும். குறித்த நாளில் சிறு குழுவாகச் சேர்த்து விரைந்து நடத்திச் செல்வார்கள். 1784இல் பர்மிங்காமிலிருந்து வந்த வில்லியம் ஹட்டன் என்ற புத்தக வணிகர், சீட்டு வைத்திருந்த ஒருவரிடம் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் கொடுத்து அதனை வாங்கி உள்ளே சென்றார். ஏதேனும் விளக்கம் கேட்டால் வழிநடத்தியவர் சீறினார். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கண்டது பல, அறிந்தது ஒன்றுமில்லை என்னும் மனத்தாங்கலை அவர் தம் பயண நூலில் பதிவு செய்தார். கட்டணமில்லாத இடத்திற்குக் காசு கொடுத்து நுழைந்து, வெறுங்கையோடு மீண்ட அம்மனிதரின் கதை ஒன்றே, விலையின்மையும் திறந்த வாயிலும் ஒன்றல்ல என்பதற்குப் போதிய சான்று.

அந்த வாயில் மெல்ல மெல்லத்தான் அகன்றது. 1810இல் வாரம் மூன்று நாள் சீட்டின்றி நுழையலாம் என்றாயிற்று. 1837இல் ஈஸ்டர் திங்கட்கிழமை விடுமுறையன்று திறந்தபோது ஒரே நாளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். எளிய மக்கள் திரண்டு வந்தால் பொருள்களைச் சிதைத்துவிடுவார்கள் என்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்த்தது. ஆறு நாளும் உழைப்பவர்க்கு வசதியான ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு வர 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1857இல் திறக்கப்பட்ட சவுத் கென்சிங்டன் காட்சிசாலை, இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலை, எரிவாயு விளக்கேற்றி மாலையிலும் திறந்திருந்ததும் தொழிலாளரை எண்ணியே.

ஓவியக் கூடத்தின் வரலாறும் கருதத்தக்கது. 1824இல் ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகரின் 38 ஓவியங்களை அரசாங்கம் 57,000 பவுனுக்கு வாங்கி அதனைத் தொடங்கியது. பின்னர் டிரபால்கர் சதுக்கத்தில் அமைந்த கூடத்தை நகரின் புகை கெடுக்கிறது, ஆகவே கென்சிங்டன் பக்கம் மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தது. 1857இல் அதனை ஆராய்ந்த குழுவுக்கு நீதிபதி கோல்ரிட்ஜ் தம் கருத்தை எழுதினார். ஓவியங்கள் இருப்பதே நோக்கமன்று. மக்களுக்கு உயர்ந்த இன்பம் தருவதே நோக்கம், ஓவியங்கள் அதற்குக் கருவி என்பது அவர் வாதம். கூடம் மக்கள் நடமாடும் இடத்திலேயே நிலைத்தது.

திறந்த வாயில் மீண்டும் அடைபட்டதும் உண்டு. 1974 தொடக்கத்தில் அரசாங்கம் கட்டணம் விதித்தது; ஆட்சி மாறியதும் சில மாதங்களுக்குள் அது நீங்கியது. 1980களில் சில காட்சிசாலைகள் தாமே கட்டணம் வாங்கத் தொடங்கின. 2001 டிசம்பர் 1 முதல்தான் நாட்டின் தேசியக் காட்சிசாலைகள் யாவும் நிலையான காட்சிகளுக்குக் கட்டணம் நீக்கின. முன்பு கட்டணம் வாங்கிய 13 நிலையங்களுக்கு வந்தோர் தொகை, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 70 இலட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 இலட்சம் அளவுக்கு உயர்ந்தது. செலவை ஏற்பவர் அந்நாட்டு வரி செலுத்துவோர். அங்கே வள்ளல் மன்னன் அல்லன். பேருந்து ஓட்டுநரும் கடைக்காரரும்தான். இதனைச் சொல்லாத ஆற்றுப்படை, வள்ளலின் பெயரை மறைத்த ஆற்றுப்படை.

மூன்று தாழ்கள்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு பொதுக்கூடத்தின் வாயிலுக்கு மூன்று தாழ்கள் உண்டு என்பது விளங்கும். முதலாவது, காசு. இரண்டாவது, "நீ யார்?" என்னும் கேள்வி. மூன்றாவது, உள்ளே இருப்பது இன்னது என்று அறியாமை. 1759இல் முதல் தாழ் இல்லை, இரண்டாவது இருந்தது. அதனால்தான் ஹட்டன் சீட்டுக்கு அலைந்தார். இன்று இரண்டும் இல்லை. பையைச் சோதிப்பார்கள், ஊரையும் குலத்தையும் கேட்பதில்லை. மூன்றாவது தாழை எந்தச் சட்டமும் திறக்க இயலாது. கட்டணம் நீங்கியபின் கூட்டம் பெருகிற்று என்பது மெய். ஆயினும் வருவோருள் கற்றவரும் வசதியுடையோருமே இன்னும் மிகுதி என்று ஆராய்ந்தோர் கூறியதும் மெய்.

மூன்றாவது தாழைத் திறக்கவேண்டியவன் வழிகாட்டியே. தமிழ் படித்த ஒருவன் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்குள் நுழைந்தால் எதைத் தேடவேண்டும்? தமிழ்நாட்டில் 1100ஆம் ஆண்டையொட்டி வார்க்கப்பெற்ற நடராசர் செப்புத் திருமேனி அங்கே நிற்கிறது. ஆந்திர நாட்டு அமராவதித் தூபியின் சிற்பக் கற்கள், 1859இல் சென்னையிலிருந்து கப்பலேறியவை, தனிக்கூடத்தில் உள்ளன. இலங்கையின் கீழைக் கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த பொன்பூசிய தாரை உருவமும் உண்டு. ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830இல் அதனை வழங்கினார். பெண் உருவின் மேலாடையின்மை கண்டு கூசிப் பல ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணிற் படாமல் வைத்திருந்தனர் என்பதும் அறியத்தக்கது. வாயில் திறந்திருக்க, அறை பூட்டியிருந்த காலம் அது.

பிரிட்டிஷ் நூலகத்தை நம் வழிகாட்டிகள் பெரும்பாலும் மறந்தேவிடுகின்றனர். 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சிய நான்கு படிகளுள் இரண்டு அங்கே உள்ளன. காணக் கட்டணம் இல்லை. அதனினும் நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. அக்காலத்தில் பொருட்காட்சிசாலையோடு இணைந்திருந்த அந்நூலகத்தின் தமிழ் நூல்களுக்கு, பார்னெட்டும் நம் ஜி. யு. போப் அவர்களும் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. அந்நூல்களைப் படிக்க வாசகர் அட்டை பெறவும் கட்டணம் இல்லை. இலண்டனில் தமிழாசிரியர் ஒருவர் காசின்றிப் பெறக்கூடிய பெரும்பேறு இதுவே. ஆயினும் இலவசப் பட்டியல்களில் இதற்கு இடமில்லை.

வெளிநாட்டார்க்குக் கட்டணமா?

2024இல் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையின் இடைக்கால இயக்குநராக இருந்து விலகிய சர் மார்க் ஜோன்ஸ், வெளிநாட்டுப் பயணிகளிடம் கட்டணம் வாங்கலாம் என்று கருத்துரைத்தார். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. விமானத்திற்கும் விடுதிக்கும் ஆயிரக்கணக்கில் செலவிடுபவன், கூரை ஒழுகும் கூடத்தைச் செப்பனிட ஒரு சிறு தொகை கொடுத்தால் என்ன? அந்நாட்டுத் தொழிலாளி மட்டும் சுமக்கவேண்டுமா? இவ்வாதத்தில் நேர்மை உண்டு.

ஆயினும் எதிர்வாதம் வலியது என்பதே என் முடிபு. வெளிநாட்டான் யார் என்று அறிய, வருவோர் எல்லாரையும் வாயிலில் நிறுத்திக் கேட்டாகவேண்டும். காசுத் தாழைப் பயணிக்குப் போடப்போய், கேள்வித் தாழை எல்லார்க்கும் போட்டதாக முடியும். மேலும், தஞ்சைத் தரணியின் கைவண்ணத்தையும் அமராவதிக் கல்லையும் காணவரும் அந்நாட்டு மக்களிடம், "நீ வெளியூரான், காசு கொடு" என்று கேட்பது முறையாகாது. அப்பொருள்கள் அங்கே இருக்கலாமா என்பது தனி வழக்கு. இருக்கும்வரை வாயில் திறந்திருப்பதே குறைந்த அறம்.

நம் பக்கமும் நோக்குவோம். சிங்கப்பூரில் 2013 மே 18 முதல் தேசியக் காட்சிசாலைகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமின்றித் திறந்தன. லிட்டில் இந்தியாவில் 2015இல் எழுந்த இந்திய மரபுடைமை நிலையமும் அவ்வாறே. இங்கே அடையாள அட்டை கேட்கும் முறை உண்டு. இலண்டன் முறையினின்றும் அது வேறு. எது சிறந்தது என்று மாணவரை வாதிடச் செய்யலாம். அது நல்லதொரு கட்டுரைப் பயிற்சியாகும்.

நம் வழிகாட்டி எழுத்தாளர்க்குச் சொல்லவேண்டியது இதுதான்: விலையைச் சொல்லுங்கள், ஆனால் அதனோடு நிற்காதீர்கள். கொடுத்தவன் பெயரைச் சொல்லுங்கள். வாயில் திறந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஒரு நாளில் பத்து இடம் ஓடுவதினும் ஓர் அறையில் ஒரு பொருள்முன் அரைமணி நேரம் நிற்பது மேல் என்று சொல்லுங்கள். ஆசிரியர்க்கும் அதே கடமை உண்டு. மாணவரைக் காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லுமுன், அங்குள்ள பொருள் ஒன்றைப் பற்றி வகுப்பில் ஒரு பாடவேளை பேசட்டும். முதலிரண்டு தாழ்களை அரசாங்கங்கள் நீக்கலாம். மூன்றாவதன் திறவுகோல் நம் கையில்தான் இருக்கிறது.