கோதை பெயர் கரந்த இரு திருமொழிகள்

மகளிர் பருவத்தை ஏழாகப் பகுத்தல் பாட்டியல் நூலார் கொள்கை. பொதுவாக வழங்கும் கணக்கின்படி 14 முதல் 19 வரை மடந்தை. 20 தொடங்கி அரிவை. உலா நூல்கள் இப்பருவங்களைப் புறத்தே நின்று காண்பன. தலைவன் பவனி வரக் கண்ட மகளிர் நிலையைப் புலவரே எடுத்துரைப்பர். இளமையைக் கடக்கும் ஒருத்தி, தான் பிறந்த இல்லத்திற் பெற்ற நம்பிக்கை என்னாயிற்று என்பதைத் தானே உரைக்கும் இடம் தமிழில் அரிது. அத்தகைய ஓரிடம் நாச்சியார் திருமொழியில் உண்டு என்பதும், அது திருவரங்கத்தை நோக்கி எழுந்த பதினோராந் திருமொழியின் இறுதிப் பாட்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அரங்கத்தில் வாழ்ந்த தொண்டரடிப்பொடியாழ்வாரும் பருவக் கணக்கிட்டவரே. திருமாலையின் மூன்றாம் பாட்டில் மானிட வாழ்நாளை நூறாண்டாக வைத்து, உறக்கத்திற் பாதியைக் கழித்து, எஞ்சியதினின்றும் பேதைமையும் பிள்ளைமையும் உண்ட ஆண்டுகளைக் கழிக்கின்றார். அவர்க்கு இளமை கழித்தற்குரிய தொகை. கோதைக்கோ அது கழிக்கப்படுவதன்று. உடன் கொண்டு செல்லப்படுவது. அங்ஙனம் கொண்டு செல்லுங்கால் அது அடையும் மாற்றமே ஈண்டு ஆராய்தற்குரியது.

திருப்பாவை முப்பது பாட்டும் குழுவின் குரல். நெய்யும் பாலும் நீக்கலும், மையும் மலரும் விலக்கலும் பலர் கூடி ஏற்ற நோன்பு. அங்கு ஐயத்திற்கு இடமில்லை. உறங்குவார் உளரேயன்றி நம்பாதார் இலர். நாச்சியார் திருமொழியிலோ அக்குரல் பெரிதும் தனிக்குரலாகின்றது. எனினும், பதினான்கு திருமொழிகளையும் அகவை வரிசையாகக் கொள்ளல் பொருந்தாது. முதல் திருமொழியில் தை மாதத்தில் காமனை வேண்டும் கன்னியைக் காண்கின்றோம். இரண்டாவதிலோ சிற்றிலைச் சிதையற்க என வேண்டும் முதிராச் சிறுமியரைக் காண்கின்றோம். எனவே பருவமாற்றத்தைப் பாட்டின் வைப்புமுறையில் தேடாது, பாட்டின் உள்ளுறுப்புகளில் தேடுதலே தக்கது.

அவ்வுறுப்புகளுள் ஒன்று திருநாமப் பாட்டு. இந்நூலின் 143 பாசுரங்களுள் ஒவ்வொரு திருமொழியின் ஈற்றுப்பாட்டையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். பன்னிரண்டு திருமொழிகள் கோதையின் பெயரும், பாடுவோர் பெறும் பயனும் கூறி முடிகின்றன. பத்தாவதும் பதினொன்றாவதுமாகிய இரண்டு மட்டும் பெயரும் கூறில, பயனும் கூறில. அவ்விரண்டிலும் அவ்விடத்தே தோன்றுபவர் தந்தையார். பிற இடங்களில் அவர் பெயர் வருமாயின், அது மகளின் பெயர்க்கு அடைமொழியாய் நிற்கும். விட்டுசித்தன் கோதை என்றாற்போல. இவ்விரண்டிலோ அவர் 'விட்டுசித்தர்' எனப் பன்மையிற் சிறப்பிக்கப்பெற்று, பாட்டினுள்ளே ஒரு மாந்தராய் நிற்கின்றார். இத்திருமொழிகளின் வரிசை பின்னர்த் தொகுத்தோருடையதே எனினும் இவ்வேறுபாடு பாட்டின் அகத்தது. ஆதலின் தொகுப்பின் செயலாகாது.

இரண்டிடத்தும் தந்தையார் நிற்கும் நிலை ஒன்றன்று. பத்தாவதில் தலைவி தோழியை நோக்கிச் சிறு மானிடராகிய தம்மால் ஆவது யாதெனத் தளர்கின்றாள். விட்டுசித்தர் தம்முடைய தேவரைத் தமக்கியன்ற வகையால் வருவிப்பாராயின் காண்போம் என்கின்றாள். ஈண்டு இறைவன் தந்தையின் தேவராகச் சுட்டப்படுதல் நோக்கற்குரியது. பதினொன்றாவதில், கைவளை கவர்ந்த அரங்கன் மேல் ஒன்பது பாட்டுகளில் முறையிடுகின்றாள். மாவலியிடம் மண் கொண்டவனுக்கு என் வளையும் வேண்டுமோ என வினவுகின்றாள். சீதைக்காகக் கடலை அடைத்ததையும், நிலமகளுக்காகப் பன்றியானதையும் எடுத்துக்காட்டித் தனக்கு அது வாய்க்காமையைச் சொல்லாமற் சொல்கின்றாள். இறுதிப் பாட்டில், அரங்கர் அருளிய மெய்ம்மொழியை விட்டுசித்தர் கேட்டிருப்பர் என்கின்றாள். தம்மை விரும்புவாரைத் தாம் விரும்புவர் என்னும் அச்சொல்லும் பொய்க்குமாயின் இனி அதனை நிலைநிறுத்துவார் யாவர் என வினவி முடிக்கின்றாள்.

'கேட்டிருப்பர்' என்னும் சொல்லை இற்றை வழக்கால் 'கேட்டிருக்கக்கூடும்' எனக் கொள்ளல் தகாது. 'கேட்டு, அதன்கண் அமைந்து இருப்பர்' என்பதே பழைய வழக்கிற்கு இயைந்த பொருள். அங்ஙனம் கொள்ளின் பாட்டின் கூர்மை மிகுமேயன்றிக் குறையாது. தந்தை கேட்டார், கேட்டு அமைந்தார். மகளோ தான் கேட்டதாகக் கூறவில்லை, அமையவும் இல்லை. கேட்டார்க்கும் கேட்டாரைக் கேட்டார்க்கும் இடையிலுள்ள தொலைவே இப்பாட்டின் பொருள். பிள்ளைமையில் இத்தொலைவு தோன்றுவதில்லை. தந்தை நம்பியதே மகளின் நம்பிக்கை. அத்தொலைவு கண்ணிற்படும் நாளே பருவம் கடந்த நாள் எனலாம்.

இதனை ஐயமென்றல் பிழையென மறுப்பார் உளர். அரங்கனின் மெய்ம்மொழியைக் கீதையின் இறுதி அடைக்கல மொழியாகக் கொண்டு, மகள் தந்தையாகிய ஆசிரியரின் தொடர்பையே புகலாகப் பற்றினாள் என்பர் வைணவ உரைவழி நிற்போர். அவ்வுரை தள்ளத்தக்கதன்று. 'யாவர்' என்னும் வினா ஒருவருமிலர் என்னும் எதிர்மறைப் பொருட்டாதலின், வேறொரு புகலை அவள் நாடவில்லை என்பது தெளிவு. ஆயினும் தொடர் 'ஆயின்' எனும் நிபந்தனையால் நடத்தலை உரை கூறி மறைத்தல் இயலாது. ஐயம் தோன்றாமையால் நின்றதன்று அவள் நம்பிக்கை. ஐயத்தை நம்பப்பட்டவனிடமே கொண்டுசென்று நிறுத்தியதால் நின்றது.

இதற்குப் பன்னிரண்டாந் திருமொழி சான்றாகும். அங்கு அவள் தந்தையின் வழியாக இறைவன் வருதலை எதிர்நோக்கியிராள். தன்னைக் கொண்டுபோய் மதுரைப்புறத்தே விடுமாறு சூழ இருந்தாரை வேண்டுகின்றாள். தந்தையும் தாயும் இருப்ப மகள் தனிவழி போயினாள் என்னும் பழி எழாவண்ணம் நள்ளிருளில் உய்க்கவேண்டும் என்கின்றாள். வீட்டைக் கடக்கத் துணிந்தவள் வீட்டின் மானத்தைக் கைவிட்டாளல்லள். இத்திருமொழியின் ஈற்றில் அவள் பெயர் மீண்டும் தோன்றுகின்றது. தந்தையின் சொல்லைச் சோதித்த ஈரிடத்தும் கரந்த பெயர், தானே வழி துணிந்தவிடத்து மீள்கின்றது.

கோதை அரங்கம் புகுந்து அரங்கனொடு கலந்தாள் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. பாசுரங்களில் அவ்வரலாறு இல்லை. பதினோராந் திருமொழியில் அரங்கம் எய்தப்பெறாத ஊராகவே நிற்கின்றது. முடிந்த கதையைப் பாட்டின்மேல் ஏற்றிப் படிப்பார்க்கு இவ்வினா வெறும் ஊடலாகச் சுருங்கிவிடும். திருவரங்கத்தில் பகல்பத்துத் திருநாளில் அருச்சுன மண்டபத்தே அரையர்கள் முதலாயிரத்தை நம்பெருமாள் திருமுன் இசைக்கின்றனர். நாச்சியார் திருமொழியும் அதன்கண் அடங்கும். யார்மேல் எழுந்ததோ அவர் திருமுன்னரே, விடை வேண்டாது, அவ்வினா ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. கதை தந்த முடிவை அதன்மேல் ஏற்றாது வினாவாகவே அதனை ஏற்றல் ஆய்வாளர் கடன்.