அல்பத்தின் இரண்டாம் வரிசை

அண்மையில் நம் தங்கையின் கலியாணம் நடந்தது. நாள் பார்த்து, மண்டபம் பேசி, சமையலுக்கும் ஆள் சொல்லியபின், நான்கு நாள் தர்க்கத்துக்கு இடமளித்த விஷயம் ஒன்றே ஒன்று: படம் பிடிக்க எவ்வளவு நேரத்துக்கு ஆளை ஒழுங்கு செய்வது?

ஸ்ரூடியோக்காரர் மூன்று 'பெக்கேஜ்' எழுதிய தாளைத் தந்துவிட்டுப் போனார். முதலாவது, முகூர்த்தத்தை ஒட்டிய நான்கு மணித்தியாலம்; ஒரு கமரா. இரண்டாவது, மணப்பெண் அலங்காரம் தொடங்கி விருந்து முடியும் வரை. இரண்டு கமரா, வீடியோ. மூன்றாவதில் இவற்றோடு கலியாணத்துக்கு முந்திய வெளிப்புறப் படப்பிடிப்பு, ட்ரோன், கனத்த அட்டையிட்ட அல்பம். அதன் விலை நமது ஆசிரியச் சம்பளத்தில் நான்கு மாதத்தை விழுங்கும். "வாழ்க்கையிலே ஒரு நாள்தானே" என்றார் தாய்மாமன். நம்மவர் வீடுகளில் நெல் விற்ற காசும் அடகுக்குப் போகும் காப்பும் பெரும்பாலும் இந்த வாசகத்தின் வழியாகவே வெளியேறுகின்றன.

முடிவெடுக்குமுன், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அண்மைக் காலத்தில் நடந்த உறவினர் கலியாணங்களின் அல்பங்களை வாங்கிவந்து புரட்டினோம். ஒரு நாவலை மதிப்பிடுகையில் கேட்கும் வினாக்களையே இவற்றிடமும் கேட்டோம். இதில் வரும் மாந்தர் யார்? விடப்பட்டோர் யார்?

மாந்தர் இருவரே. அவ்விருவரும் 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களிடையே ஓடுகிறார்கள். ஒல்லாந்தர் கோட்டைச் சுவரில் சாய்கிறார்கள். பாசிக்குடா மணலில் பெயர் எழுதுகிறார்கள். வாவியில் பொழுது சாயும் வேளையில் ஒரு தோணியில் அமர்ந்து ஒருவரையொருவர் நோக்குகிறார்கள். அந்தத் தோணியின் சொந்தக்காரர் படம் எடுத்து முடியும்வரை கரையில் காத்து நிற்பார். படத்தில் அவர் இல்லை. வாவி இருக்கிறது; வாவியால் வாழ்பவன் இல்லை. தமிழ்ச் சினிமாப் பாட்டுக்காட்சியின் இலக்கணமே இங்கு கமராவின் இலக்கணமாகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இரவல் உருவம் பொய்யான உள்ளடக்கத்தையும் கூடவே கொண்டுவரும் என்பதற்கு இவ்வல்பங்களில் ஒரு பக்கம் தக்க சான்று. அது 'பிரியாவிடை'ப் பக்கம். பெண் தாயின் தோளில் சாய்ந்து அழுகிறாள். தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் மட்டக்களப்பில் பெண் எங்கே போகிறாள்? தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இப்பிரதேசத்தில், பெற்றோர் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும் மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழமை. தெற்கே அக்கரைப்பற்றை மையமாக வைத்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளியான தம் நூலில் இம்முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பிறந்த மண்ணைவிட்டு வந்து குடியேறுபவன் மாப்பிள்ளைதான். நியாயப்படி அழவேண்டியவனும் அவனே! எங்கோ உள்ள தந்தைவழிச் சமூகத்தின் கண்ணீரைக் கமராக்காரர் சொல்லிக்கொடுக்க, நம் பெண்கள் வடிக்கிறார்கள். மாலையில் அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். அந்த வீட்டை எழுப்புவதற்காகத் தகப்பன் மத்திய கிழக்கில் உழைத்த ஆண்டுகளும் தாய் எடுத்த கடனும் அல்பத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. கலியாணம் மண்டபத்துக்குப் போனபின் வீட்டுச் சுவர்கூட இல்லை.

பழைய படங்கள் எவ்வாறிருந்தன? 120 இலக்க றோலில் சதுரப் படம் 12 விழும். பின்னர் வந்த 35 மில்லிமீற்றர் றோலில் 36. எனவே ஒவ்வொரு சொடுக்கும் ஒரு தீர்மானமாக இருந்தது. தாலி கட்டுதல் ஒன்று, ஆசீர்வாதம் ஒன்றிரண்டு, எஞ்சியவை 'குறூப் போட்டோ'. கதிரைகளில் பெரியோர், பின்னே இளையோர், தரையில் சிறுவர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு தம் சகாக்களுடன் புகைப்படம் பற்றி 1965 இல் வெளியிட்ட நூலில், பேயார்ன் பகுதிக் குடியானவர் கலியாணப் படங்களை ஆராய்ந்து, அப்படம் தனியாளைக் காட்டுவதற்கன்றிக் கூட்டத்தின் உறவை உறுதிசெய்வதற்கே எடுக்கப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். நம் பழைய கூட்டுப்படத்துக்கும் இது பொருந்தும்.

இதனால் பழமையே உயர்ந்தது என்று நாம் வாதிட வரவில்லை. அந்தக் கூட்டுப்படம் குடியின் பேரேடு. குடிக்குள் வராதவர்க்கு அதில் இடமில்லை. மேளம் அடித்தவர், வெள்ளை கட்டியவர், அடுப்படியில் வெந்தவர் எவரையும் அதில் தேடிக் காணமுடியாது. பழைய படம் உழைப்பவனை வெளியே நிறுத்தியது. புதிய படம் உறவினரையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறது. முன்னேற்றம் இவ்வளவே.

ஆயினும் அப்பேரேட்டின் இரண்டாம் வரிசைக்கு எவரும் எண்ணாத ஒரு பயன் வந்து சேர்ந்தது. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் அழைத்துச் சென்றனர், அவர்கள் மீளவில்லை. அவர்களைப் போலவே காணாமற்போன எத்தனையோ பேருக்கு ஸ்ரூடியோவில் தனியாக எடுத்த படம் இருக்கவில்லை. ஏழை வீட்டுப் பையன் எதற்காகத் தனிப்படம் எடுப்பான்? யாரோ ஒருவரின் கலியாணத்தில், யாரோ இருவரின் தோள்களுக்கிடையே எட்டிப்பார்த்த முகத்தை வெட்டிப் பெருப்பித்துத்தான் தாய் ஆணைக்குழுக்களின் முன் கொண்டுபோகவேண்டியிருந்தது. நமக்குத் தெரிந்த ஒரு தாயின் கையிலுள்ள படத்தில், மகனின் தோளருகே அடுத்தவரின் சேலைக்கரை இன்றும் தெரிகிறது. 2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோன கரையோர வீடுகளிலும் இதுவே கதை. வீட்டிலிருந்த அல்பம் போயிற்று; தூரத்து உறவினர் பெட்டியில் கிடந்த ஒரு கூட்டுப்படம் இறந்த பிள்ளையின் முகத்தைத் திருப்பிக்கொடுத்தது.

ஆகவே நேரக்கணக்கு தவறான கணக்கு என்ற முடிவுக்கு வந்தோம். பத்து மணித்தியாலத்தில் இரண்டு முகங்களை இரண்டாயிரம் தரம் எடுப்பதிலும், நான்கு மணித்தியாலத்தில் வந்தவர் எல்லாரையும் ஒரு தரம் தெளிவாக எடுப்பதே மேல். முதலாவது பெக்கேஜைப் பேசினோம். இரண்டு நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தோம்: பந்திக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு படத்திலாவது விழவேண்டும், எல்லாப் படங்களும் அச்சாகவும் கோப்பாகவும் நம்மிடமும், ஊருக்கு வெளியே இன்னொரு வீட்டிலும் இருக்கவேண்டும். தங்கைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பாலத்தில் ஒரு படம் வேண்டும் என்றாள். கைத்தொலைபேசியில் நாமே எடுத்துக் கொடுத்தோம். சற்றே கோணலாக வந்தது.

கலியாணத்தன்று, பந்தி ஓய்ந்த நேரத்தில் சமையற்காரரையும் பாத்திரம் கழுவிய பெண்களையும் மேளகாரரையும் மணமக்களோடு நிற்க அழைத்தோம். கமராக்காரர் நம்மை வினோதமாகப் பார்த்தார். மாமாவின் முகம் கறுத்தது. பெண்களில் ஒருத்தி, "இந்தச் சீலையோடயா?" என்று கேட்டுப் பின்வாங்கினாள். தங்கைதான் எழுந்துபோய் அவளைக் கைபிடித்து அழைத்துவந்தாள். அந்தப் படத்தில் அவள் இரண்டாம் வரிசையில், ஈரக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.