எழுதிய ஸ்வரம், கேட்ட ஸ்வரம்

பாட்டைக் கேட்டு ஸ்வரப்படுத்துவது வெறும் குமாஸ்தா வேலை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. குமாஸ்தா என்ற முறையில் இதை மறுக்கிறேன். ஐந்து கோடுகளைப் போட்டு முதல் ஸ்வரத்தை எழுதுவதற்கு முன்பே எழுதுகிறவன் இரண்டு முடிவுகளை எடுத்துவிடுகிறான்: எந்த ஸ்வரங்கள் ஷார்ப், எவை ஃப்ளாட் என்று முன்கூட்டியே அறிவிக்கும் கீ சிக்னேச்சர், அதன் பக்கத்தில் நிற்கும் தாள எண். இரண்டுமே விமர்சன முடிவுகள்தாம்.

கீ சிக்னேச்சரில் ஃப்ளாட்டுகள் ஒரு வரிசைப்படியே வரும். ஒன்று என்றால் பி, இரண்டு என்றால் பி, ஈ. மேஜர், மைனர் என்ற இரண்டு வீடுகளுக்கு வகுத்த ஏற்பாடு இது. ஸட்ஜத்தை ஸி-யில் வைத்து மாயாமாளவகௌளையை எழுதிப் பாருங்கள். டி, ஏ ஃப்ளாட். ஈ, பி இயல்பு. வரிசையில் இப்படி ஓர் அடையாளமே கிடையாது. நாம் குழந்தைக்குச் சொல்லித்தரும் முதல் ராகம் இது! 72 மேளங்களில் அந்த வரிசைக்குள் அடங்குபவை தோடி, நடபைரவி, கரகரப்பிரியா, ஹரிகாம்போஜி, சங்கராபரணம், கல்யாணி ஆகிய 6 மட்டுமே. மற்ற 66-க்கும் பொருந்தாத அடையாளத்தைப் போட்டுவிட்டு வரிக்கு வரி திருத்திக்கொண்டே போகலாம். அல்லது அடையாளத்தையே புதிதாகச் செய்துகொள்ளலாம்.

ஹங்கேரியின் பேலா பார்டோக் இரண்டாவதைச் செய்தார். 1906 வாக்கில் மெழுகு உருளை ஃபோனோகிராஃபுடன் கிராமங்களுக்குப் போனவர். பாட்டுக்குத் தேவையான குறிகளை மட்டும் தேவையான இடத்தில் வைத்தார்; பாட்டில் வராத ஸ்வரத்துக்குக் குறி கிடையாது. ஒப்பிட வசதியாக எல்லாப் பாட்டுக்களையும் ஜி-யில் முடியுமாறு மாற்றி எழுதினார். சற்றே ஏறியோ இறங்கியோ ஒலித்த ஸ்வரத்தின் தலைமேல் ஓர் அம்புக்குறி. வங்கியில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்போம். தொலைக்கவும் மாட்டோம், பொய்யாக வேறொரு தலைப்பில் எழுதவும் மாட்டோம். அந்த அம்புக்குறி எனக்கு உடனே விளங்கிவிட்டது.

சென்னையில் 1892-ல் சின்னசாமி முதலியார் தியாகராஜ கீர்த்தனைகளை ஐரோப்பிய முறையில் அச்சிடத் தொடங்கினார். அவரை எதிர்கொண்ட சங்கடம் இன்னும் பெரியது. தோடியின் காந்தாரத்தை ஈ ஃப்ளாட் என்று எழுதிவிடலாம். பாடகர் அந்த இடத்தில் நின்றால் அல்லவா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அது அசைந்துகொண்டே இருக்கிறது. காகிதத்தில் நிற்பது குரலில் நிற்பதில்லை. 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தம் பெரிய நூலில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகளைச் சேர்த்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தாளத்தில் கதை வேறு. மிஸ்ர சாபுவின் 3+2+2-ஐப் பழகாத காது என்ன செய்யும்? மூன்று அடிகள், முதல் அடியைப் பாடகர் கொஞ்சம் இழுக்கிறார் என்று எழுதும். இழுக்கவில்லை, அந்த அடி ஒன்றரை மடங்கு நீளம், அவ்வளவுதான். 'பல்கேரிய ரிதம்' என்று 1938-ல் பார்டோக் உரை நிகழ்த்தியது இப்படிப்பட்ட சமமற்ற அடிகளைப் பற்றியே. அந்தத் தாளத்தைப் புரிந்துகொண்ட பிறகு, தாம் முன்பு எழுதி வைத்திருந்த ருமேனியப் பாட்டுக்களை மறுபடி கேட்டுத் திருத்தினார். உருளையைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்; அப்படி ஓட்டியும் கேட்டார். இன்று கணினியில் சுருதி குறையாமலே வேகத்தைக் குறைக்கலாம். காது குறைந்திருக்கிறதா என்பது தனி விசாரணை.

நம் நாட்டுப்பாடல் தொகுப்புகளிடம் எனக்குள்ள சண்டை இங்கேதான். பெரும்பாலானவற்றில் சொல் மட்டுமே இருக்கிறது. ஒப்பாரியில் ஒருத்தி மூச்சு விடாமல் மூன்று அடிகளைச் சேர்த்துச் சொல்லி, நான்காவதை அழுகைக்குள் விட்டிருப்பாள். அச்சில் அது எதுகை பார்த்து மடக்கிய ஒழுங்கான நாலு வரி. தொகுப்பாளர் தமக்குத் தெரிந்த யாப்பை கீ சிக்னேச்சராக முன்னால் போட்டுவிட்டார். அப்புறம் பாடினவள் அதற்குள் அடங்கியாக வேண்டும். புதுக்கவிதைக்காரர்களும் இந்த அச்சைப் பார்த்துத்தான் 'நாட்டுப்பாடலின் எளிமை' என்று எழுதுகிறார்கள். அந்த எளிமை பாதி கம்பாசிட்டருடையது.

தொகுப்பு போட உத்தேசிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். நூறு பாட்டு வேண்டாம். ஒரே ஒப்பாரியை, மூச்சு எடுத்த இடம், நீட்டிய இடம், சொல் கேட்காமல் போன இடம் எல்லாம் குறித்து, இரண்டு பேர் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. அப்படியே பக்கத்துப் பக்கமாக அச்சிடுவோம்.