அச்சில் அடங்காத கண்ணி

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் மனோன்மணிக் கண்ணியைப் பல்லாண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு கண்ணியும் அதே விளியில் முடிகிறதே, இந்தக் கூறியது கூறலைப் புலவர் சற்றுக் குறைத்திருக்கலாகாதா என்று வகுப்பில் சொன்னதும் உண்டு. மாணவர் ஒருவர் அதைப் பாடிக்காட்ட எழுந்தபோது, "பொருள் சொன்னால் போதும் தம்பி, உட்கார்" என்று அமர்த்திவிட்டேன். அத்தீர்ப்பை நாகூரில் ஒரு தேநீர்க் கடையில் நான் திரும்பப் பெற நேர்ந்தது.

கந்தூரிக் காலமன்று. உறவினர் இல்லத்து நிக்காஹுக்குச் சென்றிருந்தவன், மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே ஐந்தாறு பேர். பக்கீர்கள் இருவர் வந்து அமர்ந்தனர். (காசுக்காகப் பாடுவோர்தாமே என்று எண்ணியவன்தான் நானும்.) ஈரக்காற்றில் தளர்ந்திருந்த தாயிராவின் தோலை முதியவர் கடையடுப்பின் அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மீண்டும் காட்டினார். பிறகு எவரையும் கேளாமல் மனோன்மணிக் கண்ணியைத் தொடங்கினார்.

கண்ணியின் பொருட்பகுதியை அவர் தனித்துப் பாடினார். இறுதி விளி வந்ததும் அதனை விட்டுவிட்டார், துணைவர் எடுத்துக்கொண்டார். மூன்றாம் கண்ணிக்குள் கடைக்காரரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோரும் சேர்ந்துகொண்டனர். அந்த இடைவெளியில்தான் முதியவர் மூச்சு வாங்கினார். எதிரே இருந்தோர் முகங்களைப் பார்த்து அடுத்த கண்ணியைத் தேர்ந்தார். அச்சு நூலின் வரிசை அங்கு இல்லை. ஒரு கண்ணிக்கு யாரோ பெருமூச்செறிய, அதையே மும்முறை பாடினார். நான் குறையென்று கண்டது, கேட்போருக்கெனப் புலவர் விட்டுவைத்த இடம்.

இதனை இசைத்தட்டு எனக்குக் காட்டியிருக்க இயலாது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் குரலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டா. அக்குரலைக் கேட்டு வளர்ந்தவனே நான். ஆயினும் பதிவில் கேட்டுப் பழகிய செவி, பாட்டென்றால் அளவும் வரிசையும் மாறாதது என்று நம்பிவிடுகிறது. நூலும் அதே பிழையைத்தான் எனக்குக் கற்பித்தது. கந்தூரி மேடைகளிலோ ஒலிபெருக்கியில் எதிரொலியைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். சொல் விளங்குவதில்லை, கூட்டம் விளியை எடுத்தாலும் பாடுகிறவர் செவிக்கு அது எட்டுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஸமாவுக்கென ஒரு பகுதியே எழுதியுள்ளார்கள். காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்பது ஜுனைத் (ரஹ்) அவர்களின் கூற்றாக அங்கு வருகிறது. இசை ஆகுமா ஆகாதா என்னும் வழக்குக்காகவே அதனை நாங்கள் ஓதினோம். (அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை, இங்கு அதை எழுப்பப் போவதுமில்லை.) 'உடனிருப்போர்' என்பதை ஒழுக்க நிபந்தனையாக மட்டும் கொண்டிருந்தேன், பாட்டின் ஓர் உறுப்பாகக் கொள்ளவில்லை.

கண்ணி, மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா என்று நம் இலக்கிய வரலாறுகள் வகை பிரித்து எண்ணிக்கை சொல்கின்றன. அவை எத்தகைய கூட்டத்தில், எந்தச் சொல்லில் நிறுத்தி, யார் ஏற்றுப்பாடப் பாடப்பட்டன என்பதை எழுதியோர் மிகச் சிலர். அறிந்தவர்களோ முதியவர்கள்.

மழை விட்டதும், "அடுத்த கண்ணி எதுவென்று எப்படித் தேர்கிறீர்கள், பாவா?" என்று கேட்டேன். அவர் தாயிராவைத் துணியில் சுற்றியபடியே என்னைப் பார்த்தார்.

"ஹஜரத் மட்டும் கடைசி வரைக்கும் வாயே தொறக்கலியே?" என்றார்.